ஓமம் நல்ல சரக்கு. ஓமப் புராணம் வேண்டாம்

ஓமம் நல்ல சரக்கு. செமியாக்குணத்துக்கும் வயிற்றுப் பொருமலுக்கும் அது கேட்கும் என்பது நம் பாட்டிமாரின் அனுபவம். அந்த அனுபவத்துக்கு நியாயமான காரணமும் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதப்போவதை வாசித்துவிட்டு, 'இவர் நாட்டு வைத்தியத்தின் எதிரி, மருந்துக் கம்பனிகளின் ஆள்' என்று மின்னஞ்சல் எழுதக் காத்திருப்போர் இந்தப் பந்தியைத் தயவுசெய்து இரண்டு தடவை வாசிக்கவும்.

ஓமத்தோடு எனக்கு வழக்கு இல்லை. ஓமத்தின் பெயரால் இப்போது நடக்கும் வியாபாரத்தோடும், அந்த வியாபாரத்தைப் 'பாரம்பரியம்' என்று சொல்லிப் பாதுகாக்கும் நம்மவர்களோடுமே வழக்கு.

யாழ்ப்பாண நகரத்துக் கடைகளிலும், வெள்ளவத்தையிலும், ஸ்காபரோவிலும், பரிஸ் லாச்சப்பலிலும் ஒரே மாதிரியான பக்கற்றுகளைக் காணலாம். 'பாரம்பரிய ஆயுர்வேத ஓமத்தூள்.' பச்சை நிற எழுத்து, ஓர் உரல், ஒரு தாடிவைத்த முனிவர். பின்புறத்தில் ஒரு பட்டியல்: செரிமானம், வாய்வு, உடற்பருமன், நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டுவலி, ஆஸ்துமா, தூக்கமின்மை. இதே பட்டியல் வட்ஸ்அப்பிலும் யூரியூப்பிலும் பல வடிவங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு தேக்கரண்டி, சுடுநீரோடு, நாற்பத்தெட்டு நாட்கள். வயது வேறுபாடு கிடையாது, உடல்வாகு வேறுபாடு கிடையாது. ஆதாரமாக ஒரே ஒரு வாக்கியம்: 'ஐயாயிரம் ஆண்டுப் பழைமை வாய்ந்தது.'

பக்கற்றில் இல்லாதவற்றையும் சொல்லவேண்டும். இதற்குள் இருப்பது எந்தச் செடியின் விதை என்ற விஞ்ஞானப் பெயர் இல்லை. தூளாக்கிய திகதி இல்லை. ஒருவேளைக்கு எத்தனை கிராம் என்று இல்லை. யார் உண்ணக்கூடாது என்று இல்லவே இல்லை. மருந்து என்றால் இந்த நான்கும் இருந்தாகவேண்டும். கறிச்சரக்கு என்றால் நோய்ப் பட்டியல் இருக்கக்கூடாது. இரண்டில் எது என்று கேட்டால் விற்பவரிடம் பதில் இல்லை. ஏனெனில் இரண்டுமாக இருப்பதில்தான் அவருக்கு இலாபம்.

சரி, அந்தப் பாரம்பரியம்தான் என்ன சொல்கிறது?

சித்த வைத்தியர்கள் படிக்கும் குணபாடத்தில் ஒவ்வொரு சரக்குக்கும் சுவை, தன்மை, பிரிவு, செய்கை என்று வரையறை உண்டு. ஓமத்தின் சுவை கார்ப்பு; தன்மை வெப்பம். செய்கையில் பசித்தீத்தூண்டி, அகட்டுவாய்வகற்றி, இசிவகற்றி, வெப்பமுண்டாக்கி, அழுகலகற்றி என்று வரும். அகட்டுவாய்வகற்றி என்ற சொல்லை நின்று கவனியுங்கள். அகடு என்றால் வயிறு. வயிற்றில் அடைபட்ட வாய்வை அகற்றுவது. எவ்வளவு துல்லியமான சொல்! நீரிழிவகற்றி என்றோ கொழுப்பகற்றி என்றோ அங்கே இல்லை. வடமொழி ஆயுர்வேதம் இதை 'யவானி' என்கிறது. பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாவப்பிரகாசம் முதலிய நூல்கள் இது வாதத்தையும் கபத்தையும் தணிக்கும், பித்தத்தை மிகுவிக்கும் என்று வகுத்திருக்கின்றன.

பித்தத்தை மிகுவிக்கும். இந்த இரண்டு சொற்களை எந்தப் பக்கற்றிலாவது பார்த்திருக்கிறீர்களா? நெஞ்செரிவும் புளியேப்பமும் வயிற்றுப்புண்ணும் உள்ளவர் வெறும் வயிற்றில் ஓமத்தூளை நாற்பத்தெட்டு நாட்கள் உண்ணவேண்டும் என்று எந்தப் பரியாரியார் சொல்லுவார்? யாழ்ப்பாணத்தில் இன்று நால்வரில் ஒருவராவது தமக்கு 'காஸ்ரிக்' என்று சொல்லிக்கொள்கிறார் (இது என் காதுக் கணக்கு, புள்ளிவிபரமாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்). அவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது எரிவு. எரிகிற வயிற்றுக்கு எரிக்கிற மருந்தைக் கொடுப்பது ஆங்கில வைத்தியப்படியும் தவறு, சித்த வைத்தியப்படியும் தவறு. வட்ஸ்அப் வைத்தியப்படி மட்டுமே அது சரி.

வயிற்றுப்புண் பற்றி இன்னுமொன்று. இரைப்பைப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணமாவது ஹெலிகோபக்ரர் பைலோரி என்ற கிருமி என்பதை அவுஸ்திரேலியரான பரி மார்ஷலும் றொபின் வாறனும் 1980களில் நிறுவினார்கள். 2005இல் அதற்காக அவர்களுக்கு நொபெல் பரிசு கிடைத்தது. இன்று இரண்டு வார அளவிலான மருந்து முறையால் அந்தக் கிருமியை ஒழிக்கலாம். இவ்வளவும் நடந்து முடிந்தபின், ஆண்டுக்கணக்காக வயிற்றைப் பிசைந்துகொண்டு ஓமத்தூளில் காலம் கடத்துகிறவரைப் பார்த்து 'இயற்கை வழியில் நிற்கிறார்' என்று பெருமைப்பட என்னால் முடியவில்லை.

ஓமம் ஏன் கேட்கிறது என்பதற்கு வருகிறேன். விதையில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்குவரை ஆவியாகும் எண்ணெய் இருக்கிறது. அந்த எண்ணெயின் முதன்மைக் கூறு தைமோல். ஓமத்தைக் கையில் கசக்கினால் மூக்கில் ஏறும் அந்தக் காரமான மணம் இதுதான். 1879இல் அமெரிக்காவில் உருவான லிஸ்ரரின் வாய்கொப்பளிப்பு நீரிலும் இதே தைமோல் சேர்க்கப்பட்டது. ஆய்வுகூடத்தில் தைமோல் குடற்தசையின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. பல நுண்ணுயிர்களையும் அடக்குகிறது. ஆகவே உண்டபின் வயிறு ஊதி, குடல் இறுகி நோகும்போது ஒரு சிட்டிகை ஓமம் இதம் தருவதில் மாயம் ஒன்றுமில்லை. ஆனால் நீரிழிவு, கொழுப்பு என்று வருபவை பெரும்பாலும் எலிகளில் செய்த சோதனைகளும், மிகச் சிலரை வைத்துச் செய்த சிறு ஆய்வுகளுமே. எலிக்குக் கொடுத்த சாற்றின் அளவை மனித எடைக்குப் பெருக்கிப் பார்த்தால் உங்கள் தேக்கரண்டி எங்கே நிற்கும் என்று கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுப் பார்க்கலாம்.

எண்ணெய் ஆவியாகும் என்றேன். இதில்தான் 'தூள்' வியாபாரத்தின் பெரிய ஓட்டை இருக்கிறது. விதையாக இருக்கும்வரை எண்ணெய் அதன் மேற்றோலில் உள்ள நுண்ணிய குழாய்களுக்குள் பத்திரமாக இருக்கும். தூளாக்கினால் குழாய்கள் உடைந்துவிடும். அன்றிலிருந்து எண்ணெய் பறக்கத் தொடங்கும். மெல்லிய பிளாஸ்ரிக் பைக்குள் பல மாதம் கிடந்து, கப்பலேறி, கனடாக் குளிரில் அலுமாரிக்குள் இன்னும் ஓராண்டு கிடந்த தூளில் எஞ்சுவது பெரும்பாலும் நார்தான். திறந்த பாத்திரத்தில் அரைமணி நேரம் கொதிக்க வைக்கிறவர்களுக்கும் இதே கதி. வீடு முழுவதும் ஓமம் மணக்கிறது என்றால் மருந்து வீட்டின் வயிற்றுக்குள் போய்விட்டது என்று பொருள். நம் பாட்டி தேவைப்பட்டபோது ஒரு பிடி விதையை எடுத்து, சட்டியில் இளஞ்சூடாக வறுத்து, அப்போதே அம்மியில் நுணுக்கினாள். மூடிய வாலையில் வடித்த ஓமத்தீநீரைக் கடையில் வாங்கிவைத்தாள். அவளுக்குத் தைமோல் தெரியாது. ஆனால் மணம் போனால் குணம் போகும் என்பது தெரிந்திருந்தது.

அளவும் அப்படியே. பழைய வைத்திய ஏடுகளில் 'திரிகடிப் பிரமாணம்' என்று ஓர் அளவு வரும். மூன்று விரல் நுனிகளால் அள்ளும் அளவு. தேக்கரண்டியைக் கோபுரமாக அள்ளி விழுங்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது?

பெயர்க் குழப்பம் ஒன்றும் இருக்கிறது. இது உயிரோடு விளையாடும் குழப்பம். தமிழில் ஓமம் என்ற சொல்லோடு சேர்ந்து நிற்கும் சரக்குகள் பல. நாம் பேசிக்கொண்டிருக்கும் ஓமம் ஒன்று. அசமதாகம் அதன் நெருங்கிய உறவு; சிங்களச் சகோதரர்கள் குழந்தைகளுக்குப் பயன்படுத்தும் 'அசமோதகம்' இந்தப் பெயரின் வழி வந்தது. தொட்டியில் வளர்க்கும் கற்பூரவள்ளியை ஓமவல்லி என்கிறோம். மணம் ஒன்றுபோல் இருந்தாலும் அது துளசிக் குடும்பத்துச் செடி. நான்காவது குரோசாணி ஓமம். பெயரில் ஓமம் இருக்கிறது. ஆனால் அது ஊமத்தையின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் விதையில் இருப்பவை ஹயோசயமின், ஸ்கொப்பொலமின் முதலான நச்சுக் காரங்கள். வாய் உலர்ந்து, கண்மணி விரிந்து, புலன் தடுமாறும். தேர்ந்த வைத்தியர் சுத்திசெய்து அளந்து கொடுக்கவேண்டிய சரக்கு அது. இணையத்தில் படம் பார்த்து மூலிகை வாங்கும் காலத்தில், பக்கற்றில் 'ஓமம்' என்று மட்டும் அச்சிட்டால் போதாது என்று நான் சொல்வது மேனாட்டு மோகமா?

அடுத்தது 'நம் மண்ணின் மருந்து' என்ற கோஷம். குடாநாட்டின் எந்தத் தோட்டத்தில் ஓமம் விளைகிறது? வலிகாமத்துச் செம்மண்ணில் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும் விளையும். நம் கடைகளுக்கு வரும் ஓமம் இந்தியாவில் இருந்து வருவது. அங்கேயும் ராஜஸ்தான், குஜராத் போன்ற வறண்ட வடமேற்கு மாநிலங்களின் பயிர். அதன் பூர்வீகத்தை எகிப்தோடும் கிழக்கு மத்திய தரைக்கடற் பகுதியோடும் தொடர்புபடுத்துவோர் உள்ளனர். 'யவானி' என்ற வடமொழிப் பெயரிலேயே யவனர் வாடை வீசுகிறது என்பாரும் உண்டு. வந்த சரக்கை நமதாக்கிக்கொண்ட அறிவே நம் பாரம்பரியம். அதை வெட்கமின்றிச் சொல்லலாம். ஆனால் அறிவு வேண்டாம், பெருமை மட்டும் போதும் என்கிறவர்களுக்கு இந்த வரலாறு கசக்கும்.

வரலாறு என்று வந்துவிட்டால் அது இன்னும் சுவையானது. 1868இல் எட்வேர்ட் வேறிங் பதிப்பித்த இந்திய மருந்துநூலில் ஓம எண்ணெயும் ஓமநீரும் இடம்பெற்றன. 'வெள்ளைக்காரன் நம் மருந்தை ஒதுக்கினான்' என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். முதலாம் உலகப் போருக்கு முன்னர் இந்திய ஓமவிதை மூட்டை மூட்டையாக ஜெர்மனிக்குப் போனது. அங்கே தைமோல் பிரித்தெடுக்கப்பட்டு உலகச் சந்தைக்கு வந்தது. 1914இல் போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டது. அதன்பிறகுதான் இந்தியாவிலேயே தைமோல் எடுக்கும் முயற்சிகள் சூடு பிடித்தன. அக்காலத்தில் தைமோலுக்கு ஏன் அத்தனை கிராக்கி? கொக்கிப்புழு. இலங்கைத் தோட்டங்களில் 1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தின் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கிய காலத்தில், உலகம் அந்தப் புழுவுக்கு எதிராக நம்பியிருந்த முதன்மை மருந்துகளில் ஒன்று தைமோல். மற்றது கீனோபோடியம் எண்ணெய். வெறுங்காலோடு மலை ஏறிய நம் தோட்டத் தொழிலாளரை இரத்தச்சோகையில் வீழ்த்திய புழு அது.

அந்த மருந்தை எப்படிக் கொடுத்தார்கள்? எண்ணெயும் மதுவும் சேரக்கூடாது என்ற கண்டிப்போடு, பேதிமருந்தோடு, அளந்து. ஏனெனில் தைமோல் அளவுக்கு மீறி இரத்தத்தில் ஏறினால் ஆளையே வீழ்த்தக்கூடும் என்று அவர்கள் கண்டிருந்தார்கள். ஓமத்தூளில் அத்தனை வீரியம் இல்லைதான். ஆனாலும், 'மூலிகைக்குப் பக்கவிளைவே கிடையாது' என்ற சுலோகத்தை ஓமத்தின் கதையே பொய்யாக்குகிறது. கேட்கும் சக்தி உள்ள சரக்குக்குக் கெடுக்கும் சக்தியும் இருக்கும். கர்ப்பிணிகள் மருந்தளவில் ஓமம் உண்ணக்கூடாது என்று இரு வைத்தியத் துறையினரும் எச்சரிப்பது இதனால்தான். பிள்ளை பெற்றபின் கொடுக்கும் சரக்கை, பெறுமுன் கொடுக்கலாமா என்று நம் கிழவிகளிடம் கேட்டிருந்தால் அடித்துத் துரத்தியிருப்பார்கள்.

பிள்ளை என்றதும் கிரைப் வோட்டர் நினைவுக்கு வருகிறது. பாட்டி, அம்மா, பேத்தி என்று மூன்று தலைமுறை வந்து புன்னகைக்கும் விளம்பரத்தை மறந்தவர்கள் இருக்கமுடியாது. 1851இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் வில்லியம் வுட்வேர்ட் என்ற மருந்தாளர் தொடக்கிய சரக்கு அது. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சீனி, இவற்றோடு மதுசாரம். குழந்தை ஏன் சத்தமின்றித் தூங்கியது என்பதற்கான விடை அந்தக் கடைசிச் சொல்லில் இருக்கிறது. பிரித்தானியாவில் மதுசாரத்தை அதிலிருந்து நீக்க 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக, நம்மவர் 'பாட்டி வைத்தியம்' என்று கொண்டாடுவதில் ஒரு பகுதி விக்ரோறியா மகாராணி காலத்து ஆங்கிலக் கடைச்சரக்கு! இப்போது அதன் இடத்தில் ஓமத்தண்ணீர் வந்து நிற்கிறது. முதல் ஆறு மாதமும் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் குடும்பநல உத்தியோகத்தர்கள் வீடுவீடாகப் போய்ச் சொல்கிறார்கள். அவர் படலையைத் தாண்டியதும் மாந்தத்துக்கு என்று ஒரு சங்கு ஓமத்தண்ணீர் பருக்கப்படுகிறது.

யாழ்ப்பாணத்தவனாக நான் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று உண்டு. '1990இல் பொருளாதாரத் தடை போட்டார்கள். இங்கிலிசு மருந்து இல்லாமலே நாம் வாழ்ந்து காட்டினோம். நாட்டு மருந்துதான் காப்பாற்றியது' என்று புலம்பெயர்ந்த மேடைகளிலும் இணையத்திலும் உருக்கமாகப் பேசப்படுகிறது. அந்தக் காலத்தில் இங்கே இருந்தவர்களில் நானும் ஒருவன். கைமருந்து உதவியது உண்மை. தலைவலிக்கும் தடிமனுக்கும் செமியாக்குணத்துக்கும் வேர்க்கொம்பும் மல்லியும் ஓமமும் உதவின. ஆனால் இன்சுலின் இல்லாமல் போனபோது எந்த மூலிகை உதவியது? காயக்காரரின் சீழுக்கு எதிராக எந்தச் சூரணம் நின்றது? 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சியில் பாடசாலைகளிலும் மரங்களின் கீழும் நெருங்கிக் கிடந்தபோது, வயிற்றோட்டத்தில் துவண்ட குழந்தைகளைப் பார்த்தவர்கள் ஓமத்தைப் புகழமாட்டார்கள். கொதித்தாறிய நீரும், மலசலகூடக் குழிகளும், ஜீவனிப் பக்கற்றும்தான் அந்தக் குழந்தைகளைக் காத்தன. இல்லாமையால் செய்ததை, கொள்கையால் செய்ததாக இன்று மாற்றி எழுதுவது, மருந்தில்லாமல் இறந்தவர்களுக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது ஒரு மரணவீடு. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், அறுபத்தைந்து வயது, நீரிழிவு உண்டு. இரவு பத்து மணிக்கு மேல்வயிற்றில் ஒரு பாரம், வியர்வை, ஓங்காளம். 'வாய்வு' என்று வீட்டார் தீர்மானித்தார்கள். ஓமத்தூள் சுடுநீரில் கரைத்துக் கொடுக்கப்பட்டது. ஓர் ஏப்பம் வந்தது, எல்லோருக்கும் நிம்மதி. நள்ளிரவில் மறுபடியும் பாரம், மறுபடியும் ஓமம். விடியற்காலையில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது இதயத்தசையின் பெரும்பகுதி செத்துவிட்டிருந்தது. இதயத்தின் கீழ்ச்சுவரில் அடைப்பு ஏற்பட்டால் வலி நெஞ்சில் வராமல் வயிற்றில் வந்து நிற்கலாம். நீரிழிவுக்காரருக்கு வலியே மங்கலாக இருக்கலாம். 2018 யூலை முதல் யாழ்ப்பாணத்தில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச நோயாளர் காவு வண்டி வாசலுக்கு வருகிறது. அந்த வீட்டில் மூன்று கைபேசிகள் இருந்தன. அவற்றுள் இரண்டில் ஓமத்தின் மகிமை பற்றிய காணொளிகள் இருந்தன.

ஓமம் அவரைக் கொல்லவில்லை. ஆறு மணித்தியாலம் பறிபோனது. அதைப் பறித்தது ஓமம் எல்லாவற்றுக்கும் மருந்து என்ற நம்பிக்கை. ஆகவேதான் 'கேட்டால் கேட்கட்டும், கேட்காவிட்டால் கேடில்லை' என்று நண்பர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது.

தென்னிலங்கையை நோக்கி ஏளனமாகச் சிரிப்பதில் நம்மவர்கள் வல்லவர்கள். 2020 டிசம்பரில் கேகாலையில் தம்மிக்க பண்டார என்பவர் தயாரித்த கொரோனாப் பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தபோது நாமும் சிரித்தோம். அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அந்தப் பாணியைப் பலரறியப் பருகினார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியானது. அப்போது கேலிச்சித்திரம் பகிர்ந்த அதே விரல்கள்தான் இன்று ஓமத்தூள் நீரிழிவைத் தீர்க்கும் என்ற செய்தியையும் பகிர்கின்றன. பாணிக்கும் தூளுக்கும் உள்ள வேறுபாடு மொழி ஒன்றுதான்.

என் சொந்தத் தொழிலையும் விடப்போவதில்லை. இந்தியாவில் பதஞ்சலி நிறுவனத்தின் தவறான மருந்து விளம்பரங்களுக்கு எதிராக இந்திய மருத்துவச் சங்கம் 2022இல் உச்சநீதிமன்றம் சென்றது. 2024 ஏப்ரலில் அந்த நிறுவனம் பத்திரிகைகளில் பகிரங்க மன்னிப்புக் கோரியது. மன்னிப்பு விளம்பரமும் முந்திய விளம்பரங்களைப் போலவே பெரியதாக இருந்ததா என்று நீதிபதிகள் கேட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஆனால் அந்தத் தவறான விளம்பரங்களை அச்சிட்டுக் காசு வாங்கிய பத்திரிகைகள் எந்த அளவில் மன்னிப்புக் கேட்டன? நம் தமிழ்ப் பத்திரிகைகளில் ஒரு பக்கத்தில் வைத்திய நிபுணரின் நீரிழிவு விழிப்புணர்வுக் கட்டுரை. எதிர்ப்பக்கத்தில் 'நாற்பத்தெட்டு நாளில் இனிப்பு உண்ணலாம்' என்ற விளம்பரம். கட்டுரைக்கு ஆசிரியபீடம் பொறுப்பு. விளம்பரத்துக்கு விளம்பரதாரர் பொறுப்பு என்று மூலையில் பொடி எழுத்தில் ஒரு வரி. முப்பது ஆண்டுகளாக ஆசிரியபீடக் கூட்டங்களில் இதைச் சொல்லிவருகிறேன். 'சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்?' என்பதே இதுவரை கிடைத்த விடை.

சட்டம் இல்லாமலில்லை. உணவென்றால் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் பொய்யான சுட்டித்துண்டைத் தடைசெய்கிறது. மருந்தென்றால் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் இருக்கிறது. கனடாவில் 2004 முதல் இத்தகைய பொருளுக்கு மருத்துவக் குணம் கோரினால் எட்டு இலக்கம் கொண்ட உரிம எண் பக்கற்றில் இருக்கவேண்டும். ஸ்காபரோ வாசகர்கள் அடுத்தமுறை கடைக்குப் போகும்போது அந்த எண்ணைத் தேடிப் பார்க்கலாம்.

ஆயுர்வேதச் சட்டம் என்றதும் இன்னொரு புண். அந்தச் சட்டத்தின் வரைவிலக்கணப்படி ஆயுர்வேதம் என்ற சொல்லுக்குள் சித்தமும் யூனானியும் தேசிய சிகிச்சையும் அடங்கிவிடும். யாழ்ப்பாணத்து மன்னர் காலத்துப் பரராசசேகரமும் செகராசசேகரமும் சித்த மரபின் தமிழ் நூல்கள். அவற்றை ஏடுகளில் இருந்து தேடியெடுத்து, கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சேற்றியவர் ஏழாலை பொன்னையபிள்ளை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1984இல் சித்த மருத்துவக் கற்கையைத் தொடக்கியது. கைதடியில் பிள்ளைகள் படித்துப் பட்டம் பெறுகிறார்கள். அவ்வாறிருக்க, யாழ்ப்பாணத்து வியாபாரி தன் பக்கற்றில் 'ஆயுர்வேத' என்று ஏன் அச்சிடுகிறான்? கொழும்பிலும் வெளிநாட்டிலும் அந்தச் சொல்லுக்குத்தான் விலை. தமிழ் உணர்வு பேசும் கடையிலும் இதே கதைதான். கைதடியில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் படித்து வெளியேறிய வைத்தியர் வேலைக்காகப் போராட்டம் நடத்துகிறார்; ஒன்றும் படிக்காதவர் யூரியூப்பில் இலட்சம் பேருக்கு மருந்து சொல்கிறார். நாட்டு வைத்தியத்துக்கு இதைவிடப் பெரிய அவமரியாதையை எந்த ஆங்கில வைத்தியர் செய்தார்?

மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் கிறீன் மேலை வைத்திய நூல்களைத் தமிழில் பெயர்த்து, தமிழிலேயே வைத்தியர்களைப் பயிற்றினார். அமெரிக்கரான அவருக்கு இருந்த பொறுமை, இரண்டு வைத்தியங்களையும் அருகருகே வைத்துத் தமிழில் விளக்கும் பொறுமை, இன்று நம் பல்கலைக்கழகத்தின் இரு மருத்துவத் துறைகளுக்கும் வேண்டும். ஓமம், வேர்க்கொம்பு, மல்லி, நற்சீரகம், பெருங்காயம், வெந்தயம் என்று ஒரு வீட்டில் இருக்கக்கூடிய இருபது சரக்குகளுக்கு ஆளுக்கொரு பக்கம் எழுதினால் போதும். எதற்குக் கேட்கும், எவ்வளவு, யாருக்கு ஆகாது, எத்தனை மணி நேரத்துக்குப் பின்னர் வைத்தியரிடம் ஓடவேண்டும். இருபது பக்கம். ஒரு சந்திரமண்டலப் பயணம் கேட்கவில்லை.

இறுதியாக, இலண்டனில் இருந்து அட்ட சூரணத்தின் பாகம் கேட்டு எழுதிய வாசகருக்கு. வேர்க்கொம்பு, மிளகு, திப்பிலி, ஓமம், இந்துப்பு, நற்சீரகம், கருஞ்சீரகம், பொரித்த பெருங்காயம் ஆகிய எட்டும் அதன் சரக்குகள். முதல் ஏழும் சம அளவு என்பதில் சர்ச்சை இல்லை. பெருங்காயம் அவற்றுக்குச் சமமா, எட்டில் ஒரு பங்கா என்பதில் உரைகாரர்கள் வேறுபடுகிறார்கள். வடமொழி நூலில் வரும் 'அஜமோதா' நம் ஓமமா அசமதாகமா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. தமிழ் வைத்தியர்கள் ஓமமே போடுகிறார்கள். மூவிரல் அளவு, நெய் விட்டுப் பிசைந்து, சோற்றின் முதற் கவளத்தோடு உண்பது முறை. இந்துப்பு இருப்பதால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடவேண்டாம். உங்கள் மின்னஞ்சலில் நெஞ்செரிவும் கறுத்த மலமும் மூன்று மாதமாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். சூரணத்தை ஒருபுறம் வையுங்கள். கறுத்த மலம் குடலில் இரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம். நாளை காலை உங்கள் குடும்ப வைத்தியரிடம் போங்கள். போய்வந்து ஒரு வரி எழுதுங்கள்.